செத்தல் மிளகாயும் முதற்பதிப்பும்

எழுபதுகளின் முற்பகுதியில் விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்தவர்களுக்கு நல்ல காலம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரக் காட்டை வெட்டி, படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்து வந்த இளைஞர்கள் செத்தல் மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கையில் காசைக் கண்டார்கள். 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. இந்திய மிளகாய் கப்பலில் வராது என்றால் வன்னி மிளகாய்க்குத்தானே விலை.

அதே இறுக்கம் இன்னொரு சரக்கையும் பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து கட்டுக்கட்டாக வந்து குவிந்த வார சஞ்சிகைகளுக்கும் மலிவு நாவல்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் தொங்கிய அட்டைப்படங்கள் குறைந்தன. கதை படித்துப் பழகிய கூட்டம் அப்படியே இருக்க, படிக்கக் கதை இல்லை. அந்த இடைவெளிக்குள் புகுந்தது வீரகேசரி. 1930 ஓகஸ்ட் 6இல் சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு நாடு முழுவதும் முகவர்கள் இருந்தார்கள். அந்த வலையமைப்பை வைத்துக்கொண்டு அது ‘வீரகேசரி பிரசுரம்’ என்ற பெயரில் ஈழத்து எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடத் தொடங்கியது. மிளகாய்ச் சாக்கு லொறி ஏறிய காலமும் உள்ளூர் நாவல் கடைக்கு வந்த காலமும் ஒன்று என்பது தற்செயல் அல்ல.

பழைய நூல்களின் முதற்பதிப்பைத் தேடுவது என்றதும், தோல் கட்டு, பொன் எழுத்து, கண்ணாடி அலுமாரி, ஏலத்தில் இலட்சக்கணக்கான விலை என்று ஒரு படம் மனதில் எழும். வன்னியைப் பொறுத்தவரை அந்தப் படம் பொருந்தாது. இந்த மண்ணைப் பற்றிய நூல்களில் இன்று கிடைக்க அரிதானவை பல, அன்று ஓரிரு ரூபாவுக்கு விற்ற மெல்லிய அட்டைப் புத்தகங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று: அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. முல்லைத்தீவு தண்ணீரூற்றைச் சேர்ந்த அவர் எழுதிய இந்நாவல் 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. இலங்கை சாகித்திய விருதையும் பெற்றது. தண்ணிமுறிப்புக் காட்டோரம் வாழும் பதஞ்சலியும் கதிராமனும் அதன் மாந்தர்கள். அதுவரை யாழ்ப்பாணத்துக் கதைகளில் வன்னி என்பது மலேரியாவும் யானையும் உள்ள தூர இடம். உத்தியோகத்தில் மாற்றலாகிப் போகிறவர் சலித்துக்கொள்ளும் இடம். நிலக்கிளியில் அந்தக் காடே கதையின் வீடு. அடுத்த ஆண்டு அவருடைய ‘குமாரபுரம்’ வந்தது. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’, பரந்தன் குமாரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் ‘சுமைகள்’ இரண்டும் 1977இல் அதே வரிசையில் வெளிவந்தன. ஓர் இறக்குமதிக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் இவற்றில் எத்தனை கையெழுத்துப் பிரதியாகவே கிடந்திருக்கும் என்று கேட்கலாம்.

1977இல் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜெயவர்த்தனா அரசு சந்தையைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்க, தோட்டக்காரர் அடிபட்டார்கள். சஞ்சிகைகளும் நாவல்களும் கூடவே வந்தன. சில ஆண்டுகளில் வீரகேசரி பிரசுரத்தின் வேகமும் ஓய்ந்தது. தடைகளை யாரும் புகழ வேண்டியதில்லை. அந்த ஏழு ஆண்டுகள் ஈழத்து வாசகர் ஈழத்து நாவலைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்ற உண்மை மட்டும் அந்தப் புத்தகங்களில் பதிந்திருக்கிறது.

இவை எங்கே போயின? மலிவாக இருந்ததே முதல் எதிரி. தடித்த அட்டை போட்ட புராணம் சாமியறையில் பட்டுத்துணிக்குள் இருந்தது, நாவல் கைமாறியது. பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போவார், அவரிடமிருந்து மச்சாள், பிறகு சனசமூக நிலைய வாசிகசாலை. திரும்பி வரும்போது அட்டை இருக்காது. கடைசியில் கச்சான் சுற்றும் சரையாகவும் அது ஆகியிருக்கும். மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் தாளைத் தானே தின்னும். ஐம்பது ஆண்டில் அது பழுப்பேறி, மடித்த இடத்தில் முறியும். கம்பித் தையல் துருப்பிடித்து தாளை அரிக்கும். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

பிறகு போர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்து வந்தபோது, பலர் வன்னிக்குத் தூக்கி வந்த பெட்டிகளில் பிறப்பத்திரமும் காணி உறுதியும் நகையும் பள்ளிக்கூடச் சான்றிதழும் இருந்தன. புத்தகத்துக்கு இடம் கிடைத்தது அபூர்வம். கிடைத்தவையும் 2009 ஜனவரியில் மறுபடி அவிழ்ந்தன. கிளிநொச்சி விழுந்த அந்த மாதத்தின் இறுதியில் விசுவமடுவையும் இராணுவம் பிடித்தது. சனம் புதுக்குடியிருப்புப் பக்கமும் அதற்கப்பால் கடற்கரையை நோக்கியும் நகர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதில் பாதியை வழியிலேயே இறக்க வேண்டியிருந்தது. 2010இலும் அதற்குப் பிறகும் திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுக் கூரையே இருக்கவில்லை, அலுமாரியைக் கேட்பானேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி உலகம் பேசுகிறது, பேசவும் வேண்டும். வீடு வீடாக, பெட்டி பெட்டியாகப் போனவற்றுக்கு ஒரு பட்டியலும் இல்லை.

ஆக, ஒரு நிலக்கிளி முதற்பதிப்பு இன்று வன்னியில் ஒருவர் கையில் இருந்தால் அது பல கண்டம் தப்பிய பிரதி. ஆனால் கதை மறுபதிப்பிலும் இருக்கிறதே, பிறகு முதற்பதிப்புக்கு என்ன தனிச்சிறப்பு என்ற கேள்வி நியாயமானது. பதில் அச்சுக்கூடத்தில் இருக்கிறது.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரியாக்குவார். பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் அச்சானதும் அந்த எழுத்துகளைக் கலைத்து, பெட்டியின் அறைகளில் திரும்பப் போட்டாக வேண்டும். சிறிய அச்சகங்களிடம் ஒரு முழு நூலை நிறுத்திவைக்கும் அளவுக்கு எழுத்து கிடையாது. ஆகவே இரண்டாம் பதிப்பு என்றால் முதல் வரியிலிருந்து மறுபடி கோக்க வேண்டும். பழைய பிழை சில போகும், புதிய பிழை சில வரும். ஒரு வரி விழுந்துபோனாலும் யாருக்கும் தெரியாது. பேச்சு வழக்கில் எழுதிய வன்னிக் கதை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். இன்னொரு ஊர்க்காரர் புரூப் பார்க்கும்போது, ஊர்ச்சொல்லைப் பிழையென்று எண்ணித் ‘திருத்தி’விடுவார். எழுத்தாளர் அருகில் நின்று பார்த்த பிரதி எது என்று தெரிய முதற்பதிப்பு வேண்டும்.

ஆனால் முதலாவதுதான் சிறந்தது என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். இருபது ஆண்டுகள் கழித்து 1907இல் வந்த இரண்டாம் பதிப்பு, மேலும் ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தியது. பாடம் வேண்டுபவருக்கு இரண்டாவது மேல். அவர் 1887இல் எந்த நிலையில் இருந்தார், எதை அறிந்திருந்தார் என்று பார்க்க விரும்புபவருக்கு முதலாவது. தொடர்கதைகளில் சிக்கல் வேறு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதலில் அச்சேறியது 1950இல் தொடங்கிய பத்திரிகைத் தொடராக, மணியத்தின் ஓவியங்களோடு. வாரவாரம் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த வீட்டுத் தொகுப்புகளே அதன் உண்மையான முதல் அச்சு. கடையில் வாங்கிய முதற்பதிப்பைவிட, கோணலாகத் தைத்த அந்தக் கட்டுகளுக்கு அலைகிறவர்கள் உண்டு.

ஒரு பழைய புத்தகம் கையில் கிடைத்தால் எங்கே பார்ப்பது? தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும். ‘முதற்பதிப்பு’ என்று போட்டிருந்தால் வேலை எளிது. பல நூல்களில் அது இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் ஆண்டை அறுபதாண்டுச் சுற்றில் சொல்லும். ‘சர்வசித்து’ என்று இருந்தால் அது 1887 ஆகலாம், 1947 ஆகவும் ஆகலாம். அப்போது விலையைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 1872 முதல் ரூபா, சதம். இந்தியாவில் 1957 வரை அணா. ‘விலை அணா 8’ என்றால் அது தமிழ்நாட்டு அச்சு, 1957க்கு முந்தியது. ‘சதம் 75’ என்றால் இந்தப் பக்கத்துச் சரக்கு. முகவரியில் நாட்டின் பெயரும் துப்புக் கொடுக்கும். ‘சிலோன்’ 1972 மே 22இல் ‘ஸ்ரீ லங்கா’ ஆனது. ணை, லை, னை ஆகியவற்றின் தலையில் துதிக்கை வளைவு இருந்தால், தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முந்திய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். இலங்கையில் அந்த வளைவு இன்னும் சில காலம் நின்றது. நூலுக்கான சர்வதேச எண் அச்சாகி, அது 955இல் தொடங்கினால் இலங்கை வெளியீடு. அதற்கு முன்னால் 978 ஒட்டியிருந்தால் 2007க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். ‘1973’ என்று போட்ட நூலில் அப்படியான எண்ணைக் கண்டால் கையிலிருப்பது மறுபதிப்பு. பழைய ஆண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

முன்னுரையையும் தாண்டிப் போய்விடக் கூடாது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று பதிப்பித்த நூல்களுக்கு எழுதிய பதிப்புரைகள் இன்று தனி நூலாகப் படிக்கப்படுகின்றன. ஏடு தொட்டால் ஒடியும் நிலை, பிரதி தேடி அலைந்த சிரமம், தன்னைக் கண்டித்தவர்களுக்குச் சூடான பதில் எல்லாம் அவற்றில் உண்டு. வெளியீட்டாளரின் நினைவுக்குறிப்பு என்ற வகை தமிழில் அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். அவருக்கு முன்னோடியான ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அந்த அச்சின் சுத்தத்துக்காக ‘நாவலர் பதிப்பு’ என்பதே ஒரு தர முத்திரையானது. மறுபதிப்பாளர்கள் முதலில் வெட்டுவது இந்த மாதிரி முன்னுரைகளை. பக்கம் மிச்சம்.

வன்னியைப் பற்றிய ஆங்கில நூல்களில் சேகரிப்பாளர்கள் தேடுவது ஜே. பி. லூயிஸ் எழுதி 1895இல் கொழும்பு அரசாங்க அச்சகத்தில் வெளியான வன்னி மாவட்டக் கையேடு. வவுனியா, முல்லைத்தீவு இரண்டையும் ஊர், குளம், வேளாண்மை, வழக்கம், வரலாறு என்று அதிகாரியின் கண்ணால் எழுதியது. 1993இல் டெல்லியில் மறுபதிப்பானது. ஆய்வாளர் பலர் கையில் இருப்பது அதுவே.

இந்த லூயிஸ் பின்னால் வட மாகாண அரசாங்க அதிபரானார். 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அவருக்குக் கீழே வேலை பழக வந்த இளைஞர் லெனாட் வுல்ஃப். வரும்போது ஒரு நாயையும், பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான வோல்டேர் தொகுதிகளையும் பெட்டிகளில் ஏற்றி வந்தவர் அவர். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று வேலை பார்த்து 1911இல் ஊர் திரும்பினார். 1913இல் இலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதினார். 1917இல் மனைவி வெர்ஜீனியாவோடு சேர்ந்து சாப்பாட்டு மேசையில் ஒரு சிறிய கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார். டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையின் இங்கிலாந்து முதற்பதிப்பை 1923இல் எழுத்துக் கோத்தவர் வெர்ஜீனியா. இன்று அந்தப் பிரதிக்கு ஏலத்தில் பெரும் விலை. வுல்ஃபின் தன்வரலாறு ஐந்து தொகுதி. 1961இல் வந்த இரண்டாம் தொகுதி முழுக்க இலங்கை. யாழ்ப்பாணத்து வெயிலும் கச்சேரிக் கோவைகளும் ஒரு தொகுதியில், அச்சு மையும் வரவு செலவுக் கணக்கும் அடுத்தவற்றில். கணக்கை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார். எந்தப் புத்தகம் எத்தனை விற்றது, கையில் எவ்வளவு மிஞ்சியது என்று. வெளியீட்டாளர் நினைவுக்குறிப்பைப் படிப்பதில் உள்ள சுவை அதுதான்.

தமிழிலும் அப்படியானவை உண்டு. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் சலூனில் முடி திருத்தியபடி 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கியவர். நானூறு இதழ்களைத் தாண்டி நடத்தினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சாதி சொல்லி அவமதிக்கப்பட்டதுதான் காரணம். அவருடைய தன்வரலாறு ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ பலருக்கும் தெரியும். அதைவிட ‘அச்சுத்தாளின் ஊடாக ஓர் அனுபவப் பயணம்’ இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நெருங்கியது. ஒரு சஞ்சிகையைக் கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றவர் சொல்லும் கதை அது. பொன்னாலையில் பிறந்த வரதர் (தி. ச. வரதராசன்) 1946இல் ‘மறுமலர்ச்சி’ இதழை நடத்திய குழுவில் ஒருவர், பின்பு யாழ்ப்பாணத்தில் ஆனந்தா அச்சகம் வைத்து, ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் முதல் தொகுதி ‘வள்ளி’யை 1955இல் வெளியிட்டார். அவரும் தம் நினைவுகளை எழுதிவைத்திருக்கிறார். எஸ். பொன்னுத்துரையின் ‘வரலாற்றில் வாழ்தல்’ எழுத்தாளர் ஒருவர் தானே ‘மித்ர’ பதிப்பகம் நடத்திய கதையையும் உள்ளடக்கியது. அதில் சண்டை அதிகம், அதற்காகவே படிக்கிறவர்களும் அதிகம்.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்ப்பண்ணை சின்ன அண்ணாமலையின் ‘சொன்னால் நம்பமாட்டீர்கள்’. 1942இல் அவரைத் திருவாடானைச் சிறையை உடைத்து மக்கள் மீட்ட கதை அதில் வருகிறது. ராஜாஜியையும் நாமக்கல் கவிஞரையும் அழகாக அச்சிட்டு விற்ற கதையும் வருகிறது. வானதி பதிப்பகத்தின் திருநாவுக்கரசு எழுதிய ‘வெற்றிப்படிகள்’ இன்னொரு மாதிரி. தொழிலில் கால் ஊன்றியவரின் நிதானம் அதில் இருக்கும். சக்தி வை. கோவிந்தன் அப்படி ஒன்றை விட்டுச் செல்லாதது தமிழுக்கு நட்டம். பாரதியின் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்த மனிதரின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இவற்றை நம்பிப் படிக்கலாமா? அரைப்பங்கு. வெளியீட்டாளர் தம் வெற்றியைப் பெருக்கிச் சொல்வார், எழுத்தாளருக்குக் கொடுக்காத காசை மறந்துவிடுவார். ஆண்டுகளில் அடிக்கடி சறுக்குவார். அச்சுப்பக்கம் அங்கே உதவும். ‘இந்த நூலை நான்தான் முதலில் போட்டேன்’ என்று ஒருவர் எழுதினால், தலைப்புப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் போதும். மறுபக்கம், அச்சுப்பக்கம் சொல்லாததை நினைவுக்குறிப்பு சொல்லும்: தாள் கடனுக்கு வந்ததா, நகை அடகுக்குப் போனதா, ஆயிரம் பிரதியில் எத்தனை கறையானுக்குப் போயின என்பதை. முதற்பதிப்பும் வெளியீட்டாளர் நினைவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை.

சேர்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கும் தமிழில் குறைவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் 1992இல் இறந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது; ஆனாலும் தொகுப்பு சென்னையிலேயே நின்று, அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமானது. நாடக நோட்டீசையும் கல்யாண வாழ்த்தையும் கூட எறியாமல் வைத்த மனிதர். புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சொந்தச் சம்பளத்தில் கட்டிய ஞானாலயா நூலகம், முதற்பதிப்புகளுக்கென்றே பெயர் பெற்றது. ஆய்வு மாணவர்கள் பேருந்து பிடித்துப் போவது அங்கேதான்.

ஈழத்தில் இரண்டு முயற்சிகள். லண்டனில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ என்ற குறிப்புரையுடன் கூடிய நூல்விபரப்பட்டியலின் முதல் தொகுதியை 2002இல் வெளியிட்டார். ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் தலைப்புகள். அச்சகம், ஆண்டு, பக்கம், விலை வரை பதிவு. எரிந்துபோன நூலகத்துக்குப் பிறகு பட்டியலாவது மிஞ்சட்டும் என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது. மற்றது 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். விசுவமடுவில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒரு மாணவி எழுபதுகளின் ஈழத்து நாவலை இன்று அங்கே போய்ப் படிக்கலாம். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து கிடைத்த பிரதிகள் சில, கனடாவிலும் நோர்வேயிலும் பெட்டியில் கிடந்தவை சில. இடம்பெயர்ந்தோரின் பெட்டிகளில் போனவை இப்படிச் சுற்றி வந்து சேர்ந்திருக்கின்றன.

வருடிய பக்கம் எல்லாவற்றையும் காட்டாது. தாளின் தடிப்புத் தெரியாது. பின்னட்டை விளம்பரத்தை அவசரத்தில் விட்டிருப்பார்கள். விளம்பரம்தானே என்று நினைக்கக் கூடாது. உரமும் பூச்சி மருந்தும் நீரிறைக்கும் இயந்திரமும் யாருக்கு விற்றார்கள் என்று அங்கேதான் தெரியும்.

இனி அரிதாகப்போவது எது? 1990க்குப் பிந்திய வன்னி, யாழ்ப்பாண வெளியீடுகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் செய்தித்தாளுக்கு வழியில்லாமல் கொப்பித் தாளிலும் கிடைத்த நிறத் தாளிலும் அச்சாகின. வன்னியில் சஞ்சிகைகளும் கவிதைத் தொகுப்புகளும் அதே நெருக்கடியில் வந்தன. கருணாகரனின் ‘ஒரு பொழுதுக்குக் காத்திருத்தல்’ 1999இல் வெளிவந்தது. தாமரைச்செல்வியின் வன்னிக் குடியேற்ற நாவலான ‘பச்சை வயல் கனவு’ 2004இல். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச்சட்டப்படி இலங்கையில் அச்சாகும் நூலின் பிரதிகள் அரசாங்கத்திடம் போக வேண்டும். ஆனால் போர்க்கால வன்னியில் அச்சானவற்றுக்கு அந்தப் பாதையை எதிர்பார்க்க முடியாது. அச்சடித்தவை அங்கேயே விற்றன, அங்கேயே படிக்கப்பட்டன. 2009இல் பலர் பயத்தில் அவற்றைப் புதைத்தார்கள், எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள். எழுபதுகளின் நாவல் ஒன்றைக் கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பார்க்கலாம். இவற்றைத் தேட அப்படி ஒரு தெரு கிடையாது.

வீட்டுப் பெட்டிக்குள் பழைய புத்தகம் கிடைத்தால் முதலில் செய்யக்கூடாதது ஒட்டுநாடா ஒட்டுவது. சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளோடு எழுத்தையும் தின்னும். நனைந்திருந்தால் வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றுப்பட விரித்து, பக்கங்களுக்கிடையில் எழுத்தில்லாத வெள்ளைத் தாள் வைத்து உலர்த்த வேண்டும். அச்சான பத்திரிகைத் தாளின் மை ஈரத்தில் ஒட்டும். துருப்பிடித்த கம்பியை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தைக்கலாம். மண் சுவரோடு சேர்த்து வைக்காமல் தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் கறையானுக்கு வழி கடினம். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணி மேல்.

வெளியே கொடுக்கும் முன் தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், முன்னுரை, கடைசிப் பக்கம், இரு அட்டைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. முதல் பக்கத்தில் வாசிகசாலை முத்திரையோ ஒருவரின் கையெழுத்தோ இருந்தால் அழிக்க வேண்டாம். வியாபாரிகள் சிலர் விலை குறையும் என்று முத்திரையைச் சுரண்டுவார்கள். வன்னியில் அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு அதிகம்: கட்டடம் போய், பதிவேடு போன ஒரு சனசமூக நிலையத்துக்கு நீலமையில் எஞ்சியிருக்கும் முகவரி பல இடங்களில் அது ஒன்றே. நிலையம் திரும்ப எழுந்திருந்தால் புத்தகத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ‘நூலகம்’ போன்ற இடத்துக்கு வருட இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரவல் கொடுத்த நாளைக் கொப்பியில் குறித்துக்கொள்வதும் நல்லது. மச்சாளிடம் போன நாவல்கள் திரும்பி வராத ஊர் இது.